வாத்துக் குஞ்சுக்கு வயிறு கெட்டால் முதலில் தீவன மூட்டையைப் பாருங்க

எங்க ஊர் கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கம். பாலாற்றுத் தண்ணியைப் பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி எங்க ஊர் ஏரிக்குக் கொண்டுவந்த கதையை, பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. நெல் விளைகிற பூமி, அதனால் அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேய்வது எங்களுக்குப் பழகிய காட்சி. அந்தத் தைரியத்தில்தான் என் மகள் கேட்டாள் என்று 12 நாட்டு வாத்துக் குஞ்சுகளை வாங்கி வந்தேன். நெல் வயலில் இறக்கிவிட்டால் களையும் பூச்சியும் குறையும் என்ற கணக்கும் எனக்கு இருந்தது. அந்த 12-ல் 8 செத்துப்போச்சு. என்னோட தப்புதான். அதே தப்பை வேற யாரும் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

ஐப்பசி மழை. குஞ்சுகளுக்கு மூணு வாரம் வயசு. மாட்டுக்கென்று வாங்கின கடலைப் புண்ணாக்கு மூட்டை கொட்டகைச் சுவர் ஓரமா, மண் தரையில் சாய்ஞ்சு கிடந்தது. அடியில் ஈரம் ஏறி, கட்டிகளில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்திருந்தது. இரசாயனம் படாத செக்குப் புண்ணாக்கு, வீணாக்குவானேன் என்று தட்டிவிட்டு, ஒரு வெயில் காட்டி, ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து போட்டேன்.

நாலாம் நாள் குஞ்சுகள் தீனியை ஒதுக்க ஆரம்பிச்சது. எச்சம் தண்ணியாகப் போச்சு. அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணி கொடுத்தேன், மோர் கொடுத்தேன். ஆனால் தட்டில் அதே புண்ணாக்கையும் போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்து ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கியது, நடை தள்ளாடியது, காலும் பாதமும் ஊதா நிறமா மாறியது. கடைசியில் தலையைப் பின்பக்கமா வளைத்து, இழுப்பு வந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. செத்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வெளிறி, வீங்கி இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தீனி போட்டீங்க?"

பூஞ்சை நஞ்சு

அந்தப் பச்சை மஞ்சள் தூள் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. அது உண்டாக்கும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். இந்த நஞ்சை உலகம் அடையாளம் கண்டதே கடலைப் புண்ணாக்கால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தீவனத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க, விஞ்ஞானிகள் ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏன் வாத்துக் குஞ்சு? அவ்வளவு சீக்கிரம் அதைத் தாக்கும். கோழி தாங்குகிற அளவை வாத்துக் குஞ்சு தாங்காது.

மனுஷனையும் இது விடாது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்.

இயற்கை விவசாயிகளான நமக்கு நுண்ணுயிர் என்றாலே நல்லது என்று ஒரு பழக்கம். மண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் சந்தோஷப்படுகிறோம், ஜீவாமிர்தம் நுரைத்தால் பெருமைப்படுகிறோம். மண்ணுக்கு அது சரி. தீவன மூட்டைக்கு அந்தக் கணக்கு செல்லாது. மூணு விஷயம் மனசில் வையுங்க:

1. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், ஏற்கனவே உண்டான நஞ்சு போகாது.
2. வேகவைத்தாலும் போகாது. சமையல் சூடு அதற்குப் போதாது.
3. பூஞ்சையைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளே தங்கியிருக்கும். கண்ணுக்குப் பூஞ்சையே தெரியாத தீவனத்திலும் இருக்கலாம்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. சந்தேகம் வந்த அந்த வேளையே தீனியை மாற்றுவதுதான் வைத்தியம். நான் ஓமத் தண்ணியில் கழித்த மூணு நாளில் தீனியை நிறுத்தியிருந்தால் இன்னும் சில குஞ்சுகள் பிழைத்திருக்கும்.

எல்லா வயிற்றுக் கோளாறும் பூஞ்சை இல்லை

தீனி அடைத்துக்கொள்வது: கோழிக்கு இருப்பது போலத் தனியான இரைப்பை வாத்துக்கு இல்லை. உணவுக்குழாய்தான் கொஞ்சம் அகன்று தீனியைத் தாங்கும். காய்ந்த மாவைத் தண்ணி இல்லாமல் போட்டால் தொண்டையில் அடைக்கும். தீனித் தட்டு பக்கத்திலேயே, மூக்குத் துவாரம் முங்குகிற ஆழத்துக்குத் தண்ணி வையுங்க. குஞ்சு உள்ளே இறங்கி நனைகிற அளவுக்கு வேண்டாம்.

கல் இல்லாமை: வாத்துக்குப் பல் கிடையாது. அரைவைப்பையில் இருக்கும் சிறு கல்தான் தீனியை அரைக்கும். அடைத்து வளர்க்கிற குஞ்சுக்குக் கழுவின பருமணல் ஒரு தட்டில் வையுங்க. கீரையை, புல்லை நீளமாகப் போடாமல் பொடியாக நறுக்கிப் போடுங்க.

எச்சம் ஒட்டிக்கொள்வது: குளிர் பட்ட குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைக்கும். வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்து மெதுவாக எடுங்க, பிய்க்காதீங்க. முதல் வாரம் 32 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு வேணும், பிறகு வாராவாரம் குறைக்கலாம். தாய் இல்லாத குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பூச்சு இருக்காது. நனைந்தால் விறைக்கும்.

கழுத்து தொங்குவது: வெயில் காலத்தில் வற்றும் குட்டையில் செத்த மீன், அழுகின பொருள், அதில் நெளியும் புழு இதையெல்லாம் தின்றால் வேறொரு நஞ்சு ஏறி, கழுத்தும் காலும் துவளும். அந்தக் குட்டைப் பக்கம் விடாதீங்க.

பச்சைக் கழிச்சல்: கண் இமை வீங்கி, பச்சையாகக் கழிந்து, வாத்துகள் திடீர் திடீரென்று சாகிறதா? வாத்து பிளேக்காக இருக்கலாம். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீங்க. இதற்குத் தடுப்பூசி உண்டு, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்க.

இப்போ நான் செய்வது

குருணையை வேகவைத்து, புதுத் தவிடு கலந்து, நறுக்கின அசோலா, நத்தை, வேகவைத்த சிறு மீன் போடுகிறேன். வெறும் குருணை மட்டும் போட்டால் நியாசின் சத்து குறைந்து கால் வளையும். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அது அதிகம் தேவை. உப்புக் கருவாடு கூடவே கூடாது. பிசைந்த தீனியை ஒரு வேளைக்கு மட்டும் போட்டு, மிச்சத்தை அள்ளிவிடுகிறேன். நம்ம ஊர் சூட்டில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.

மூட்டை இப்போ மரப் பலகை மேல், சுவரை விட்டு ஓர் அடி தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் புண்ணாக்கு வாங்கி வைப்பதில்லை. சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பரிசோதனை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கெட்ட புண்ணாக்கைக் கோழி கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்க.

"போனது எட்டு வாத்துதானே" என்று சிலர் சொன்னாங்க. ஆனால் மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடலை. அதே மூட்டையை மாடும் தின்றது. மாடு அதைத் தாங்கிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நஞ்சில் ஒரு பங்கு பாலில் இறங்கும். அந்தப் பாலைத்தான் என் மகள் தினமும் குடித்துக்கொண்டிருந்தாள்.

மிஞ்சின நாலு வாத்தும் வளர்ந்து வயலில் இறங்கிவிட்டன. இப்போ புது மூட்டை வந்தால் ஒரு கட்டியை உடைத்து, உள்ளே நிறம் பார்த்து, "சரியா இருக்குப்பா" என்று சொல்வது என் மகள்தான். அவள் சொன்ன பிறகுதான் தட்டில் விழும்.