ஊருக்குப் புதியவர்கள் – 6
வேலப்பன்சாவடியில் ஒரு முகவரி

சென்ற வாரம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவரோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறி, கோயம்பேட்டில் இறங்கிப் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தால் வேலப்பன்சாவடிக்கு வந்துவிடலாம். பெரிய பெட்டிகளோடு வருகிறவர் பைபாஸ் வழியாகக் காரில் வருவதே நல்லது.

மதுரவாயலைத் தாண்டி, திருவேற்காட்டுக்குத் திரும்புகிற இடம் இது. கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் பிடித்த மாணவர்களும் ஒரே நிறுத்தத்தில்தான் இறங்குகிறார்கள். 1988இல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரியும் இங்கே இருப்பதால், சுற்றியுள்ள தெருக்களில் 'டூலெட்' பலகைக்கும் லேடீஸ் ஹாஸ்டல் பலகைக்கும் குறைவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வெளிநாட்டு மாணவர் காலூன்றுவதற்கு என்ன தேவை? சாப்பாடு, மொழி, மழை என்று பலரும் சொல்வார்கள். அவற்றை அடுத்த வாரங்களில் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஒரு முகவரி. அதாவது, 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று ஒரு வீட்டுக்காரர் எழுத்தில் சொல்வது.

சட்டம் கேட்பது இதுதான். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைக்கும் எவரும், அது ஹோட்டலானாலும் ஹாஸ்டலானாலும் மாடி போர்ஷனானாலும், 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். பல காலமாக 'சி படிவம்' என்று சொல்லப்பட்டு வந்தது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. மாணவர் பக்கம் வேறொரு கெடு இருக்கிறது. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2018இல் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வந்த பிறகு, அவர்களே கூப்பிட்டாலொழிய நேரில் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட், விசா, கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், தங்குமிடச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றினால் போதும்.

முதல் மூன்றும் மாணவர் கையிலோ கல்லூரியிலோ கிடைத்துவிடும். நான்காவதில்தான் சிக்கல். ஹாஸ்டலில் இருப்பவருக்கு அதைக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். வெளியே அறை எடுத்தவர் ஹவுஸ் ஓனரைத்தான் நம்பியிருக்கிறார். அவரோ, "எதுக்குத் தம்பி வம்பு, போலீஸ் வீட்டுக்கு வந்து நிக்கும்" என்று தயங்குகிறார். வீட்டு ஈபி கார்டு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும். வாடகையைக் கையில் வாங்கிப் பழகியவருக்கு அக்ரிமென்ட் போடவே மனசிருக்காது. நாட்கள் ஓடிவிடும். கெடு தாண்டினால் அபராதம் கட்டுவது மாணவர்தான்.

ஒரே ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். விசா 180 நாட்களுக்கு உட்பட்டதென்றால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. அதைக் கேட்டதும், படிவமும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். அது தவறு. விருந்தாளி ஒரே ஒரு இரவு தங்கினாலும் படிவம் கொடுத்தாக வேண்டும்.

வங்கியிலும் இதே கதைதான். வெளிநாட்டு மாணவர் இங்கே என்ஆர்ஓ கணக்கு தொடங்கலாம். உள்ளூர் முகவரிச் சான்று கையில் இல்லையென்றால் அதைக் கொடுக்க 30 நாள் அவகாசம் தர ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ஆனால் அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் அந்தக் கணக்குக்கு வரக்கூடாது. டீக்கடை முதல் ஷேர் ஆட்டோ வரை கியூஆர் கோடு ஒட்டியிருக்கும் ஊரில், கணக்கு இல்லாதவர் சில்லறைக்கு அலைய வேண்டியதுதான். வாடகை அட்வான்ஸ் வேறு நிற்கிறது. வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஊர் பழகாத பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமில்லை என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஆப்பிரிக்க மாணவர் என்றால், தொகை பேசும் முன்பே கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெட்கக்கேடு.

நம் பிள்ளைகள் ஜெர்மனி போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 2015 நவம்பர் முதல் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் கட்டாயம். வரி எண் முதல் வங்கிக் கணக்கு வரை அதன் பின்னால்தான். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்கள்தான் அதிகம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கும் எத்தனையோ பெற்றோர், முகம் தெரியாத ஒரு ஜெர்மன் வீட்டுக்காரரின் கையெழுத்துக்காகக் கவலையோடு காத்திருந்தவர்கள்தான்.

அதனால் வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பெட்டியை இறக்கி வைத்த அன்றே பாஸ்போர்ட், விசா பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் சி படிவத்துக்கான இணையதளத்தில் கணக்கு தொடங்கி, அன்றிரவே படிவத்தை அனுப்புங்கள். கணினி பழக்கமில்லை என்றால் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கேளுங்கள், அல்லது கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரைக் கேளுங்கள். நகலை மாணவர் கையில் கொடுங்கள். அவர் வீடு மாறினால் புது முகவரியையும் தெரிவிக்க வேண்டும், அதையும் சொல்லி அனுப்புங்கள். தகவல் கொடுத்தவர் போலீஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கொடுக்காமல் விட்டவருக்குத்தான் சட்டப்படி சிக்கல்.