சிங்கப்பூரில் குடியிருப்பும் இன விகிதமும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை வழியே செல்லும் வெளியூரார், சிங்கப்பூர்த் தமிழர் எல்லாரும் இங்கேயே குடியிருக்கின்றனர் என்று எண்ணிவிடுவர். பூக்கடைகளும் வீரமாகாளியம்மன் கோயிலும் தேக்காச் சந்தையும் அவ்வெண்ணத்தை உண்டாக்குவன. உண்மை வேறு. பொருள் வாங்க வந்த குடும்பங்களுட் பெரும்பாலானவை இரவில் ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங் முதலிய நகர்களிலுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குத் திரும்பிவிடுகின்றன. அங்கே அடுத்த வீட்டார் எவ்வினத்தவர் என்பதில் அரசாங்க விதி ஒன்றுக்கும் பங்கு உண்டு.

சிறுபான்மை இனத்தாரின் நலனைப் பேணுதல் அரசாங்கத்தின் பொறுப்பு என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு. 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் நிகழ்ந்த இனக்கலவரங்களைக் கண்ட நாடு அது. தொடக்கத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடுகளை ஒதுக்கியபோது பல இனத்தாரும் கலந்தே குடியேறினர். மறுவிற்பனை பெருகிய பின்னர் மக்கள் தத்தம் இனத்தார் மிகுந்த இடங்களை நாடினர். பிடோக், தெம்பனிஸில் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும், ஈசூனில் இந்தியரும் மிகலாயினர். ஆகவே 1989 மார்ச் முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதனை அறிவித்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் தமிழர் என்பது ஈண்டுக் குறிப்பிடத் தக்கது.

விதி இதுதான். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது. இந்தியரும் பிறரும் சேர்ந்து முதலில் 13 விழுக்காடு. 2010இல் அது 15 ஆக்கப்பட்டது. பேட்டை முழுமைக்கும் இவற்றினும் சற்றுக் குறைந்த வரம்புகள் உண்டு. வரம்பு நிரம்பிய இனத்தவர் ஒருவர், தம் இனத்தவரிடமிருந்து மட்டுமே அங்கு வீடு வாங்கலாம்.

எல்லார்க்கும் பொதுவான விதிதானே என்று தோன்றும். விற்கும்போது தெரியும் வேறுபாடு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டை விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் அதைச் சீனர்க்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனர். எஞ்சிய கால் பங்கினருள்தான் அவர் வாங்குவோரைத் தேடவேண்டும். நாள் நீளும், விலையும் இறங்கும். அதே மாடியில் வாழும் சீனரோ எவ்வினத்தார்க்கும் விற்கலாம். ஏனைய வரம்புகள் நிரம்பியிருந்தாலன்றி அவர்க்குத் தடையில்லை. கலந்து வாழ்தலால் வரும் நன்மை நாடு முழுமைக்கும் உரியது. அதற்கான விலையைப் பெரும்பாலும் சிறுபான்மையினரே செலுத்தினர். நாட்டில் பத்தில் எட்டுப் பேர் இக்கழக வீடுகளில் வாழ்வதாலும், பலர்க்கு வீடே வாழ்நாட் சேமிப்பாதலாலும், இதைச் சிறு குறையென்று தள்ளுதல் இயலாது.

கொள்கையையே கைவிடல் வேண்டுமென்பார் உளர். எமக்கு அது உடன்பாடன்று. பழைய தனிக்குடியிருப்புகள் மீளுமாயின் முதலில் இழப்பவரும் சிறுபான்மையினரே. செலவைப் பொதுவிற் பகிர்வதே நேரிய வழி. 2022 மார்ச்சில் அரசாங்கம் அவ்வழியில் ஓரடி வைத்தது. நெடுநாள் முயன்றும் வீட்டை விற்க இயலாதவரிடமிருந்து, தகுதி கருதிக் கழகமே வாங்கிக்கொள்ளும் என அறிவித்தது. முப்பத்துமூன்று ஆண்டு கழித்து வந்ததாயினும் வரவேற்கத் தக்கதே.

வாடகை வீடு தேடுவோர் துன்பம் வேறு. “இந்தியர் வேண்டா” என்று விளம்பரங்களில் வெளிப்படையாகவே எழுதியவர் உண்டு. 2025 பிப்ரவரியில் நிறைவேறிய இன நல்லிணக்கச் சட்டம் இனப்பகையைத் தூண்டுவோர்க்கானது. அதற்கு முந்திய மாதம் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் இனமும் மொழியும் காட்டி வேலை மறுப்பதைத் தடுப்பது. வீட்டுக்காரர் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் “வீடு போய்விட்டது” என்று சொல்வதை இவ்விரண்டும் எட்டுவதில்லை.