கலங்கும் கிணறும் தெளியும் வழியும்



மாரி பிறந்து, இரண்டு நாள் விடாது பெய்த மழை ஓய்ந்த ஒரு காலை நேரம். யாழ்ப்பாணத்து வீடொன்றிலே, கிணற்றை எட்டிப் பார்த்த இல்லத்தரசி முகஞ் சுளிக்கிறாள். முன்தினம் அடி தெரியத் தெளிந்திருந்த நீர், இன்று செம்மண் கரைத்தாற்போலக் கலங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் உடனே நீரிறைக்கும் இயந்திரத்தை முடுக்கிக் கிணற்றை ஒட்ட இறைக்கிறார். வெளிற்றுந்தூளில் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். சில நாள் நீர் தெளிவாக இருக்கிறது. அடுத்த மழையிலே பழையபடி கலங்குகிறது. மறுபடியும் இறைப்பு, மறுபடியும் தூள். ஆண்டுதோறும் தொடரும் இந்தச் சுற்றை எவ்விடத்தில் அறுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கலக்கம் நோயன்று, நோயின் குறி. காய்ச்சல் என்று வந்தவனுக்கு, அஃது எத்தகைய காய்ச்சல் என்று கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டோ? கிணற்றுக்கும் அதுவே முறை.

இச்சோதனைக்கு வேண்டுவது நிறமற்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றே. அதில் நீரை நிரப்பி, அசையாத இடத்தில் வைத்துக் கவனியுங்கள். பால்போல வெளுத்திருந்த நீர், அடியிலிருந்து மேல்நோக்கிச் சில நிமிடங்களில் தெளிந்தால், அது வெறுங் காற்றுக் குமிழியே. இயந்திரக் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. அள்ளும்போது தெளிவாயிருந்து, சில மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறினால், நீரிலே கரைந்திருந்த இரும்பு, காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடித் துருவாகிறது என்பது பொருள். வெள்ளைத் துணியிற் கறை படிவதும் இதனாலேயே. பச்சை நிறங் காட்டினால், வெயில் படும் கிணற்றிலே பாசி பெருகியிருக்கின்றது. காய்ச்சிய பிறகே வெண்மை தோன்றிக் கேத்தலில் ஓடுபோலப் படிந்தால், அது சுண்ணக்கல் நிலத்துக்கு இயல்பான கல்சியம் காபனேற்று. இயந்திரம் ஓடும்போது மட்டும் கலங்கினால், உறிஞ்சு குழாயின் வாய் அடிச்சேற்றுக்கு மிக அருகே நிற்கிறது. அதைச் சிறிது உயர்த்தினாற் போதும்.

இவை யாவும் அல்லாமல், மழையை ஒட்டிக் கலங்கி, மறுநாட் காலையிலும் தெளியாமல் நிற்கும் நீரே நம் கவலைக்கு உரியது. அதிலே மிதப்பது நுண்ணிய களிமண். அதன் துகள்கள் ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியன. அவை யாவும் எதிர்மின்னேற்றம் உடையன. ஆகவே ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. கூடித் திரண்டு கனத்தாலன்றோ அடியில் அமரும்?

அவற்றைக் கூட்டி வைப்பதற்கு நம் முன்னோர் அறிந்த பொருள் தேற்றாங்கொட்டை. அதைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீரூற்றி வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். கலித்தொகைப் புலவர் உவமையாக எடுத்தாளும் அளவுக்கு இது பழைய வழக்கம். இக்காலத்தில் படிகாரம் அப்பணியைச் செய்கிறது. சீனக்காரம் என்பதும் அதுவே.

படிகாரத்தின் அளவை மதிப்பாகப் போடுதல் கூடாது. 10 கிராம் படிகாரத்தை ஒரு லீற்றர் நீரிற் கரையுங்கள். கலங்கல் நீர் நான்கு போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர் எடுத்து, குழந்தைக்கு மருந்து அளக்கும் குழலினாலே, முறையே 1, 2, 4, 6 மில்லிலீற்றர் கரைசலை அவற்றில் விடுங்கள். ஒரு நிமிடம் விரைவாகவும், பின் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். மிகக் குறைந்த கரைசலால் நன்கு தெளிந்த போத்தல் எதுவோ, அதன் அளவே உங்கள் நீருக்கு உரிய அளவு. இருபது லீற்றர்ப் பாத்திரமானால் அதைப்போல் இருபது மடங்கு. இதனைப் பாத்திரத்திலேயே செய்க, கிணற்றிற் செய்யற்க. கிணற்றிற் போட்டால் திரண்ட மண் அங்கேயே படிந்து, அடுத்த இறைப்பிலே மீண்டும் எழும்பும்.

ஆனால் இதுவும் குறியைத் தணிப்பதேயன்றிக் காரணத்தைத் தீர்ப்பதன்று. நிலத்தின் மேல் ஓடிய மழைநீர், மண்ணிலே வடியாமல் நேரே கிணற்றினுள் இறங்குகிறது என்பதே மழைக் கலக்கம் கூறும் செய்தி. களிமண் வந்த வழியிலே, முற்றத்து எச்சமும் மலசலகூடக் குழியின் கசிவும் வரக்கூடும் அல்லவா? வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வீட்டுக்குள் நுழையும் வாயில் அதுவே.

ஆகையால், மழை விட்டதும் ஒரு கண்ணாடியினால் வெயிலைக் கிணற்றினுள் திருப்பி, சுவரைச் சுற்றிலும் பாருங்கள். மேற்பகுதியிற் கல்லிடுக்குகளில் மண்கோடுகள் வழிந்திருந்தால், அவ்விடத்திலே சீமெந்து பூசுதல் வேண்டும். கிணற்றுக் கட்டைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த சீமெந்துத் தளமும், குளித்த நீர் தொலைவிற் போய்ச் சேரும் வாய்க்காலும் அமைத்தல் வேண்டும். சுவர் உலர்ந்திருக்க, அடியிலிருந்தே கலங்கல் ஊறினால், சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக எங்கிருந்தோ நீர் வருகிறது. அதை நாம் அடைக்க முடியாது. குடிக்கும் நீரைத் தனியாகத் தெளிவித்து, வடித்து, காய்ச்சியே பருகல் வேண்டும்.

ஒட்ட இறைப்பது பற்றியும் ஒரு சொல். வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில், நிலத்தடி நன்னீர் கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. மேலே குறைத்தால் உவர் கீழிருந்து எழும். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளில் புகுந்தபின், தூய்மை செய்யும் ஆர்வத்தால் அளவுக்கு மேல் இறைத்த இடங்களில் உவர் மேலேறியது. நன்மை கருதிச் செய்ததே தீமையாய் முடிந்தது.

இனி வெளிற்றுந்தூள். கலங்கல் நீரில் அதைப் போடுவது பெரிதும் வீண். அதிலுள்ள குளோரீனை அழுக்கே உண்டுவிடுகிறது. மண்துகள்களுக்கிடையே கிருமிகளும் மறைந்து பிழைக்கின்றன. முதலில் தெளிவு, அதன்பின் குளோரீன். போட்டு அரை மணி நேரங் கழித்தும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருந்தாலே பயனுண்டு. பகுதிக்குரிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகினால், கிணற்றின் கொள்ளளவுக்கு ஏற்ற அளவைக் கணித்துச் சொல்வார்.

இறுதியாக ஒன்று. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கிருமியும், உரத்தினால் வந்த நைத்திரேற்றும் கண்ணுக்குத் தெரியா; நைத்திரேற்றோ காய்ச்சினாலும் போகாது. ஆதலால் நீரைச் சோதனைக்கு அனுப்புதல் நன்று. கலங்கிய கிணறாவது தன் குறையைத் தானே சொல்கிறது. அது சொல்லும்போது, வாய் அடைக்க முயலாமல் காது கொடுத்துக் கேட்போமாக.