ரயிலைக் கழித்துப் பார்த்தவர்

1948-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ராபர்ட் ஃபோகல், அடுத்த எட்டு ஆண்டுகள் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியராக இருந்தார். நம்பிக்கை தளர்ந்து விலகியபின் கொலம்பியாவில் மீண்டும் மாணவரானார். யூனியன் பசிபிக் ரயில்பாதை பற்றிய அவரது முதுகலை ஆய்வு 1960-ல் நூலாக வந்தது. முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர், தேசிய வருமானத்தை அளக்கும் முறையை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ்.

அமெரிக்காவை வளர்த்தது ரயில்தான் என்பதில் அன்றைய வரலாற்றாசிரியர்கள் பலருக்கும் சந்தேகமே இல்லை. ரயிலும் வந்தது, நாடும் வளர்ந்தது. அதனால் ரயிலே காரணம் என்றார்கள். ரயில் இல்லாதிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஃபோகல் போட்டார்.

1890-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டார். கோதுமை, மக்காச்சோளம், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகியவற்றைப் படகிலும் வண்டியிலும் கொண்டுபோனால் என்ன செலவாகும்? படகுக் கட்டணம் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் கால்வாய் உறையும். அது உருகும்வரை சரக்கைக் கிடங்கில் அடுக்க வேண்டும். வழியில் சேதமும் உண்டு. அத்தனையையும் சேர்த்தார். ரயில் இல்லாத நாடு சும்மா இருந்திருக்காது என்று, வெட்டியிருக்கக்கூடிய சுமார் 5,000 மைல் கால்வாய்களையும் வரைபடத்தில் வரைந்தார். வேளாண் சரக்கில் ரயிலால் மிச்சமானது மொத்த தேசிய உற்பத்தியில் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று விடை வந்தது. 1964-ல் நூல் வெளியானதும் பெரும் விவாதம் மூண்டது. நடக்காததை எண்ணுவது வரலாறா என்று கேட்டவர்கள் பலர்.

1974-ல் ஸ்டான்லி எங்கர்மனுடன் சேர்ந்து, அடிமைமுறைத் தோட்டங்கள் லாபத்தில் நடந்தவை என்று எழுதியபோது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. லாபம் தருவதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதை 1989-ல் வெளிவந்த நூலில் விரிவாக வாதிட்டார். 1993-ல் டக்ளஸ் நார்த்துடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2013-ல் காலமானார்.

ரயில் பற்றிய அவரது விடைக்கு 2016-ல் வலுவான மறுப்பு வந்தது. டேவ் டொனால்ட்சனும் ரிச்சர்ட் ஹார்ன்பெக்கும், ரயிலை அகற்றினால் விவசாய நிலத்தின் மதிப்பு 60 சதவீதம் சரிந்திருக்கும், புதுக் கால்வாய்களால் அதில் சிறு பகுதியையே ஈடுகட்ட முடியும் என்றார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டதும் அதே 1890. கழித்துப் பார்த்ததும் அதே ரயில். ஃபோகலை மறுக்க வேண்டுமானாலும் ஃபோகல் வழியில்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.