புற்றுநோய் மாறிய பின் இதயத்தையும் கவனிப்போம்

“கான்சர் மாறிட்டுது பிள்ளை. இனி எனக்கென்ன பயம்?”

கருப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து இரண்டு ஆண்டுகள் கழிந்த தாயொருவர், நான் வீட்டுக்குச் சென்றபோது இப்படிக் கேட்டார். அதற்குள் அவரது நிறை 11 கிலோ கூடியிருந்தது. உறவினர்களோ “உடம்பு தேறிவிட்டது” என்று மகிழ்ந்தார்கள். மருமகள் அவரைக் குசினிப் பக்கம் விடுவதில்லை. சீனி போட்ட பால்தேநீரும் பிஸ்கட்டும் கட்டிலுக்கே வந்தன. பிரஷர் குளிசையை நிறுத்திப் பல மாதங்கள்.

சகோதரிகளே, கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் இப்புற்றுநோய், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இரத்தப்போக்கினால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தெரியவருகிறது. அதனால் பலர் குணமடைகின்றனர். ஆனால் அப்படிக் குணமடைந்தவர்களின் உயிரைப் பிற்காலத்தில் அதிகமாகப் பறிப்பது இதய நோயே. அதிக நிறை, நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. கருப்பையை அகற்றினாலும் அவை உடலை விட்டுப் போவதில்லை. மாதவிடாய் நிற்கும் முன்னரே சூலகங்களும் அகற்றப்பட்டிருந்தால் இதய நோய்க்கான அபாயம் இன்னும் கூடும்.

இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 80 கிலோ நிறையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே குருதி அமுக்கமும் சீனியும் இறங்கத் தொடங்கும். இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. கோப்பையில் பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும். சோறு கால் பங்கு போதும். கருவாடு, ஊறுகாய், பொரியல் என்பவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் 5 நாட்கள், 30 நிமிடம் சற்று வேகமாக நடவுங்கள். முதலில் 10 நிமிடத்துடன் தொடங்கலாம். கால் வீக்கம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. கிளினிக்கில் குருதி அமுக்கம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்கும்படி கேளுங்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். மீண்டும் இரத்தம் பட்டாலோ, காரணமின்றி நிறை குறைந்தாலோ அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே வைத்தியரைக் காணுங்கள். நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அந்தத் தாய் தனியே வீதியில் நடக்க வெட்கப்பட்டார். “சனம் என்ன சொல்லும்?” என்றார். மருமகளிடமும் பேசினேன். இப்போது மாலையில் இருவரும் சேர்ந்து கோயில் வரை நடக்கிறார்கள். குளிசை மீண்டும் தொடங்கியாயிற்று. சீனியை இன்னும் முழுதாக விடவில்லை. அரைக் கரண்டிக்கு வந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், இன்று மாலை அவரோடு கூடச் சற்று நடந்து வாருங்கள்.