இரண்டு விரலா, மூன்று விரலா?

ரஷ்யத் திருச்சபை எதனால் உடைந்தது என்று கேட்டால், விரலால் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கச் சிரிப்பு வரும். நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை.

1652இல் மாஸ்கோவின் பேட்ரியார்க், அதாவது ரஷ்யத் திருச்சபையின் தலைவர், ஆன நிக்கான் குடியானவர் வீட்டுப் பிள்ளை, பிடிவாதக்காரர். ரஷ்ய வழிபாடு கிரேக்கத் திருச்சபையின் முறையிலிருந்து விலகிவிட்டது, அதைத் திருத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜார் அலெக்ஸியும் துணை நின்றார். மறுவருடத் தவக்காலத்தில் உத்தரவு வந்தது: இனி மூன்று விரலால்தான் சிலுவை அடையாளம் போட வேண்டும். பின்னாலேயே மற்ற மாற்றங்களும் வந்தன. இரண்டு அல்லேலூயா மூன்றானது, பவனி சுற்றும் திசை மாறியது, இயேசுவின் பெயரில்கூட ஓர் எழுத்து கூடியது.

அதுவரை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, மற்ற மூன்றையும் சேர்த்துப் பிடிப்பார்கள். நீட்டிய இரண்டும் கிறிஸ்துவின் இறைத்தன்மை, மனிதத்தன்மை. சேர்ந்த மூன்றும் திரித்துவம். புதிய முறையில் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் சேர்ந்து திரித்துவம்; மடங்கிய இரண்டும் கிறிஸ்துவின் இரு தன்மைகள். ஆக, இரண்டு கையும் சொன்ன விசுவாசம் ஒன்றேதான்! ஆனால் எழுத்தறியாத கிராமத்தானுக்கு ஞானோபதேசம் முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. இரண்டு விரலோடு செத்துப்போன தாத்தா நரகத்துக்கா போனார் என்று அவன் கேட்டால், எந்தப் பாதிரியார் பதில் சொல்வார்?

போதாக்குறைக்கு, இரண்டு விரலால் போடாதவனுக்குச் சாபம் என்று 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைச் சங்கமே தீர்மானித்திருந்தது. 1666-67இல் கூடிய சங்கம் அதைத் தலைகீழாக்கிப் பழைய முறைக்காரர்களைச் சபித்தது. ஜாரோடு முட்டிக்கொண்ட நிக்கானைப் பதவியிலிருந்து இறக்கியதும் இதே சங்கம்தான். ஆளைத் தள்ளிவிட்டு அவர் உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இது சபைத் தகராறாக இல்லை, அரசாங்க வேட்டையாகிவிட்டது. வெண்கடல் தீவில் இருந்த சொலோவெத்ஸ்கி மடத்துத் துறவிகள் 1668 முதல் 1676 வரை ஜாரின் படையை எதிர்த்து நின்றார்கள். பழைய முறையை விடாத சீமாட்டி மொரோசவா பட்டினியில் சாகடிக்கப்பட்டார். சங்கிலியோடு பனிவண்டியில் போகும்போதும் அவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவதை ஓவியர் சூரிக்கோவ் 1887இல் பெரிய ஓவியமாகத் தீட்டினார். வடதுருவப் பக்கம் புஸ்தஸ்யோர்ஸ்கில் சிறைக்குழிக்குள் கிடந்த அவ்வாக்கும் என்ற பாதிரியார், அங்கிருந்தே பேச்சு ரஷ்ய மொழியில் தன் வாழ்க்கையை எழுதினார். அது இன்று ரஷ்ய இலக்கியத்தில் ஒரு மைல்கல். அவரை 1682இல் உயிரோடு கொளுத்தினார்கள். படை வருகிறது என்றதும் குடும்பம் குடும்பமாகத் தாங்களே தீக்குளித்தவர்களும் உண்டு.

இதில் கொடுமை என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்தேரெவ் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஏடுகளைப் புரட்டியபோது, இரண்டு விரல்தான் பழைய பைசாந்திய வழக்கம் என்று தெரிந்தது. மாறியவர்கள் கிரேக்கர்கள்! நிக்கானின் ஆட்கள் ஒப்பிட்டுத் திருத்தியதும் வெனிஸில் அச்சான புதுக் கிரேக்கப் புத்தகங்களை வைத்துத்தான்.

1971இல் ரஷ்யத் திருச்சபையின் சங்கம் அந்தச் சாபங்களை, அவை இருந்ததே இல்லை என்பதுபோல, ரத்து செய்தது. ஆனால் பழைய விசுவாசிகள் எனப்படும் அந்தப் பழைய முறைக்காரர்களின் சபைகள் திரும்பிவந்து சேர்ந்துவிடவில்லை. சைபீரியாவில் மட்டுமல்ல, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலும் அவர்கள் இன்றும் இரண்டு விரலால்தான் சிலுவை போடுகிறார்கள்.