உங்களுக்குத் தெரியுமா? கடவுளும் இனிஷியலும்

நமக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், குடியை நிறுத்தச் சேரும் ஓர் இயக்கத்தாருக்குப் பின்னால். பில் டபிள்யூ. என்றால் நியூயார்க் பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன். அவரும் டாக்டர் பாப் என்கிற அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அந்த இயக்கம்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் சொல்லாத குடிநோயாளிகள்), சுருக்கமாக ஏ.ஏ. இருவருமே குடிநோயாளிகள்.

ஏ.ஏ.வின் தாய்வீடு, ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கம். பாவ அறிக்கை, செய்த தவறுக்கு ஈடுசெய்தல், ஜெபம் எல்லாம் அங்கிருந்து வந்த சீதனம்.

ஆனால் குடியிலிருந்து மீளும் வழியாக ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒரு நாத்திகரின் கைவண்ணமும் உண்டு! 1939-இல் இயக்கத்தின் நூல் அச்சாகும் முன் கடவுளை வைத்துப் பெரிய வாக்குவாதம். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஜிம் பர்வெல். கடைசியில் சமரசம்: கடவுள் என்று வரும் இரண்டு இடங்களில் ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்ற பொருளில் சில சொற்கள் சேர்ந்தன. இரண்டாம் படியில் கடவுளே இல்லை. நம்மைவிடப் பெரிய சக்தி என்று மட்டும் இருக்கிறது. ஏழாம் படியின் வரைவில் மண்டியிட்டு வேண்டச் சொல்லியிருந்தார்கள். அச்சில் முழங்கால் போய்விட்டது. கூடியிருக்கும் குழுவையே அந்தப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்ளும் மெம்பர்கள் இன்றும் உண்டு.

அப்படியும் தகராறு ஓயவில்லை. கனடாவின் டொரான்டோவில் கடவுளை நீக்கிப் படிகளை மாற்றி எழுதிய இரண்டு குழுக்களை 2011-இல் ஏ.ஏ. கூட்டங்களின் பட்டியலிலிருந்தே தூக்கினார்கள். விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சரி, இது மதமா? நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் ஏறக்குறைய ஆமாம் என்றது. குடும்பத்தாரைச் சந்திக்கும் சலுகை வேண்டுமானால் ஏ.ஏ. முறையிலான சிகிச்சையில் சேர வேண்டும் என்று நாத்திகக் கைதி ஒருவரைச் சிறை நிர்வாகம் கட்டாயப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பு. இதே வாதம் 2001-இல் வேறு வேஷத்தில் வந்தது. கொலைக் குற்றவாளி ஒருவர் சக ஏ.ஏ. மெம்பர்களிடம் சொன்னதை, பாதிரியாரிடம் செய்த பாவ அறிக்கை போலக் காக்க வேண்டும் என்றார் ஒரு ஃபெடரல் நீதிபதி. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்து: குற்றவாளி ஆன்மிக வழிகாட்டுதல் கேட்டுப் பேசவில்லையாம். ஆக, ஏ.ஏ.வின் ரகசியம் மெம்பர்களின் நாணயத்தில் நிற்பது. சட்டத்தை நம்பி அல்ல.

பெயரை மறைப்பது வெட்கத்தால் மட்டும் என்று நினைத்தால் தவறு. 1940-இல் ரோலி ஹெம்ஸ்லி என்ற பேஸ்பால் வீரர் தான் ஏ.ஏ. மெம்பர் என்று பத்திரிகையில் சொல்ல, ஒரே பரபரப்பு. புகழ்பெற்றவர் மறுபடி குடித்தால் இயக்கத்தின் பெயரும் கெடும். குடிக்காவிட்டால் தலைக்கனம் வரும். இரண்டுமே ஆபத்து! 1950-இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் பத்திரிகை, வானொலி, சினிமாவில் பெயர் வரக் கூடாது என்றும் ஒன்று உண்டு. தன் கதையை வீட்டாரிடமோ நண்பரிடமோ சொல்ல மெம்பருக்குத் தடையில்லை. அடுத்தவர் கதையைத்தான் சொல்லக் கூடாது.

பில் டபிள்யூ.வுக்கு 1954-இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். 1971-இல் அவர் இறந்த பிறகுதான் நியூயார்க் டைம்ஸ் முழுப்பெயரையும் படத்தையும் போட்டது.

ஏ.ஏ.வில் சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. சாமி கும்பிடுவீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே உங்கள் தெருக்காரர் யாரையாவது பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து வெளியே வந்து சொல்லிவிடாதீர்கள்.